நாரோபோட் எடுக்கப்போகும் பிரிட்டன் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

பள்ளி விடுமுறையில் ஒரு வாரம் நாரோபோட்டில், அதாவது ஒடுங்கிய நீளப் படகில், கால்வாயில் என்று முடிவு செய்திருக்கிறீர்கள். அம்மம்மாவும் வருகிறார், ஆறு வயதுப் பிள்ளையும் வருகிறது. வேக வரம்பு மணிக்கு 4 மைல். கரையில் நாயோடு நடப்பவர்கூட உங்களை முந்திவிடுவார். இதில் என்ன ஆபத்து என்று தோன்றும். அந்த எண்ணத்தைக் கரையிலேயே விட்டுவிட்டு ஏறுங்கள். 57 அடிப் படகு சுமார் 15 டன் எடை. அதற்கு பிரேக் இல்லை. ரிவர்ஸ் போட்டாலும் உடனே நிற்காது. சுவரில் மோதப்போகிறது என்று காலையோ கையையோ குறுக்கே நீட்டினால் எலும்புதான் போகும். படகு இடிபடட்டும், இடிபடத்தான் அதை இரும்பில் செய்திருக்கிறார்கள்.

வழியை முடிவுசெய்யும்போது மைலை மட்டும் எண்ணாதீர்கள். ஒவ்வொரு லாக்கையும் (நீர்மட்டத்தை மாற்றிப் படகை ஏற்றி இறக்கும், இருமுனையிலும் கதவுள்ள தொட்டி) ஒரு மைலாகக் கூட்டி, வருவதை 3ஆல் வகுத்தால் மணிக்கணக்கு கிடைக்கும். ஃபோர் கவுன்டீஸ் ரிங் என்ற கால்வாய்ச் சுற்றுவழி 110 மைல், 94 லாக்: 68 மணி நேரம். ஒரு வாரத்தில் முடிக்க நாளுக்குப் பத்து மணி நேரம் ஓட்டவேண்டும். சின்னப் பிள்ளைகளோடு அது தண்டனை. விட்சர்ச்சிலிருந்து வேல்ஸின் லங்கொலனுக்குச் சுமார் 30 மைல், லாக் இரண்டே. போகும்போது எதிர்நீர், அதனால் கணக்குக்கு மேல் கொஞ்சம் நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் 1805இல் திறந்த பொன்ட்கசில்ட்டே நீர்ப்பாலம் (கால்வாயையே தாங்கிச் செல்லும் பாலம்) 38 மீட்டர் உயரத்தில் வரும். அதில் கம்பிவேலி நடைபாதைப் பக்கம் மட்டுமே. மறுபக்கம் இரும்புத் தொட்டியின் விளிம்பு, அதற்கப்பால் வெறும் ஆகாயம். பாலம் முடியும்வரை பிள்ளைகள் உள்ளே இருக்கட்டும், ஜன்னலிலேயே எல்லாம் தெரியும்.

இனி லாக். கீழே இறங்கும் லாக்தான் படகை மூழ்கடிப்பது. மேல்கதவின் அடியில் வாசற்படி போல ஒரு திட்டு உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் நிறைந்திருக்கையில் அது கண்ணில் படாது. படகின் பின்முனை அதற்கு மேல் நின்றால், தண்ணீர் இறங்க இறங்கப் பின்பக்கம் படியில் தங்கிவிடும், முன்பக்கம் சாய்ந்து நீருக்குள் போகும். லாக் சுவரில் அந்தத் திட்டின் எல்லையைக் கோடு போட்டுக் காட்டியிருப்பார்கள். படகின் பின்முனை முழுதும் அந்தக் கோட்டைத் தாண்டி முன்னால் இருக்கும்படி சுக்கான் பிடிப்பவர் படகை நிறுத்தவேண்டும். லாக் காலியாகும்வரை பார்வை அதிலேயே இருக்கவேண்டும், கைபேசியில் அல்ல. இறங்கும் லாக்கில் கயிற்றை முடிச்சுப் போட்டுக் கட்டவே கூடாது. கட்டினால் படகு கயிற்றில் தொங்கும். பின்பக்கம் சிக்கிவிட்டதா? கீழ்க்கதவு ஷட்டர்களை (நீரை விடவும் அடைக்கவும் உள்ள பலகைகளை) முதலில் மூடுங்கள், பிறகு மேல் ஷட்டரைத் திறந்து நீரை நிரப்புங்கள். இந்த வரிசை மாறக்கூடாது. ஷட்டர் பக்கம் நிற்பவரும் சுக்கான் பிடிப்பவரும் ஒருவரையொருவர் பார்க்கும்படி நில்லுங்கள்; என்ஜின் சத்தத்தில் கூப்பிட்டால் கேட்காது.

ஷட்டரை ஏற்றியதும் பல்சக்கரத்தில் பூட்டுநாக்கு விழுந்ததா என்று பாருங்கள். பிறகு ஷட்டரைச் சுழற்றி ஏற்றும் விண்ட்லஸ் கைப்பிடியைக் கழற்றிவிடுங்கள். மாட்டியபடி விட்டு, நாக்கு நழுவினால் அது சுழன்று மணிக்கட்டை உடைக்கும். துப்பட்டாவும் சேலைத் தலைப்பும் அந்தச் சக்கரத்தில் சிக்கும், இறுக்கிச் செருகிக்கொள்ளுங்கள். பிள்ளைகளைப் பார்க்க, லாக் வேலை எதுவும் செய்யாத ஒரு பெரியவர் தனியாக வேண்டும்.

பின்தளத்தில் சுக்கான் பிடி வீசும் வளைவுக்குள் யாரும் நிற்கக்கூடாது. ரிவர்ஸில் சுக்கான் தரையில் இடித்தால் பிடி சட்டென்று வீசி ஆளைத் தண்ணீரில் தள்ளும். விழுந்துவிட்டால் முதலில் கியர் நியூட்ரல், அடுத்து என்ஜின் நிறுத்தம். ரிவர்ஸ் போட்டு அவரை நோக்கிப் போகவே கூடாது, ப்ரொப்பெல்லர் அங்கேதான் இருக்கிறது. பல இடங்களில் கால்வாயின் ஆழம் இடுப்பளவுதான், எழுந்து நிற்கச் சொல்லுங்கள். லாக்குக்குள் அது நடக்காது.

சமையலுக்கு வருவோம். சின்க் தண்ணீர் நேராகக் கால்வாயில்தான் விழும். பொரித்த எண்ணெயை அதில் ஊற்றாமல் போத்தலில் சேருங்கள், சட்டியைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். மிக்ஸி போடுமுன் இன்வெர்ட்டர் எத்தனை வாட் தாங்கும் என்று கேளுங்கள், என்ஜின் ஓடும்போதே அரையுங்கள்; சம்பலை வீட்டிலேயே அரைத்துக் கொண்டுவருவது இன்னும் நல்லது. தாளிக்கும் புகைக்காகக் கதவைத் திறக்கலாம், ஆனால் குளிர் என்று காற்றுத் துளைகளைத் துணியால் அடைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை. டாய்லெட்டில் ஈரத்துடைப்பான் ஒன்று போனாலும் அடைத்துக்கொள்ளும்.

இரவு முன்னும் பின்னும் இரண்டு முளை, இரண்டு கயிறு. நடுக்கயிற்றால் மட்டும் கட்டினால், பக்கத்தில் ஒரு படகு போகும்போதெல்லாம் உங்கள் படகு சாயும், அடுப்பில் இருப்பது கவிழும்.

ஒவ்வொரு பாலத்திலும் ஒரு எண் இருக்கும். தாண்டும்போது அதைச் சத்தமாக வாசித்து எழுதிவைக்கும் வேலையை அந்த ஆறு வயதுப் பிள்ளையிடம் கொடுங்கள். 999ஐ அழைக்க நேர்ந்தால், வயல்வெளி நடுவில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று சொல்ல கால்வாயின் பெயரும் அந்த எண்ணும் போதும்.

இப்படிக்கு,
கால்வாயில் படகோட்டும் சிலர்