அப்பாவின் நோயும் உன் கேள்வியும்

அன்புள்ள மகளுக்கு,

"எனக்கும் வருமா அம்மா?" என்று நீ கேட்டதற்கு எழுதித்தான் பதில் சொல்ல முடியும். போனில் கதைத்தால் இடையில் அப்பா வந்துவிடுவார்.

அப்பாவுக்கு அல்சைமர் இல்லை. மூளையின் முன்பகுதியையும் பக்கப் பகுதிகளையும் தின்னுகிற வேறொரு நோய்; ஃப்ரொன்டோடெம்போரல் டிமென்ஷியா என்று பெயர். ஞாபகம் இன்னும் பரவாயில்லை. நேற்று வெள்ளவத்தைச் சந்தையில் மீன் என்ன விலை என்றுகூடச் சொல்வார். குலைந்தது வேறு. அவ்வளவு கூச்சப்படும் மனுசன், கல்யாண வீட்டில் அடுத்தவர் தட்டிலிருந்து கேக்கை எடுத்துச் சாப்பிட்டார். நான் காய்ச்சலில் கிடந்தபோது தேத்தண்ணீர் எங்கே என்று மட்டும் கேட்டார். கீழ் வீட்டுக்காரர் தண்ணீர்த் தாங்கியில் ஏதோ கலக்கிறார் என்று நம்புகிறார். அப்பாவுக்கு வந்திருக்கும் வகையில் இப்படிப் பிரமைகள் வருவதால் முதலில் மனநோய் என்றே வைத்தியம் பார்ப்பது சாதாரணமாம். ஆரம்ப ஸ்கேனிலும் பெரிதாகத் தெரியாமல் இருக்கலாம்.

இரத்தப் பரிசோதனையில் பிடிபட்டது சி9ஓஆர்எஃப்72 என்ற மரபணுவில் உள்ள கோளாறு. அதை 2011இல்தான் கண்டுபிடித்தார்கள். அந்த மரபணுவில் ஆறு டிஎன்ஏ எழுத்துகள் கொண்ட துண்டு ஒன்று மற்றவர்களுக்குச் சில தடவைதான் திரும்பத் திரும்ப வரும். நோயுள்ளவர்களுக்கு நூற்றுக்கணக்கில், சிலருக்கு ஆயிரத்துக்கும் மேல். ஒரே குடும்பத்தில் இது ஒருவருக்குக் குணத்தை மாற்றும், இன்னொருவருக்குத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். பெரியப்பா கை மெலிந்து, விழுங்கவும் முடியாமல் போனாரே, அதற்கும் இதற்கும் ஒரே வேராகத்தான் இருக்கும் என்றார் டொக்டர்.

உனக்கும் தம்பிக்கும் தனித்தனியே 50 சதவீத வாய்ப்பு. ஆண், பெண் என்ற வித்தியாசம் இல்லை. உனக்கு இல்லையென்றால் உன் பிள்ளைகளுக்கும் உன் வழியாகப் போகாது. இருந்தால், எந்த வயதில், எந்த வடிவில் என்று பரிசோதனை சொல்லாது. பலருக்கு ஐம்பதுகளில் தொடங்கும். முன்னே பின்னேயும் வரும். தடுக்க மருந்து இல்லை. அல்சைமருக்குக் கொடுக்கும் மாத்திரை இதில் குழப்பத்தைக் கூட்டவும் கூடும். அதனால் வட்ஸ்அப்பில் வரும் மருந்துப் பெயர்களை எனக்கு அனுப்பாதே.

பரிசோதனை செய்வதா என்பது உன் முடிவு, பிள்ளை. நான் கேட்க மாட்டேன். மாமி கேட்டாலும் நீ சொல்ல வேண்டியதில்லை. தெரியாமலே இருக்கவும் உனக்கு உரிமை உண்டு. செய்வதானால் முதலில் மரபணு ஆலோசகரிடம் போ. ஆயுள் காப்புறுதி, குழந்தை பெறுவது எல்லாவற்றையும் இரத்தம் கொடுக்க முன்னமே கேட்டுவிடு. திறப்பை எங்கே வைத்தேன் என்று மறந்தாலே அதுதானோ என்று பயந்து வாழாதே. அப்பாவுக்கு அப்படித் தொடங்கவில்லை.

தம்பிக்கு இப்போது ஏ.எல். பரீட்சை. முடிந்ததும் நானே சொல்வேன், அதுவரை நீ சொல்லாதே. நீ என்ன முடிவெடுத்தாலும் அவன் தன்னுடையதைத் தானே எடுக்கட்டும்.

அப்பாவின் அறிக்கைப் பிரதியை இதோடு வைக்கிறேன். அங்கே ஆலோசகர் முதலில் கேட்பது அதைத்தான்; எந்த மரபணுவில் தேட வேண்டும் என்பது அதில் இருக்கிறது.

அன்புடன்,
அம்மா