விரிசலைக் காட்டிய கைகளுக்கு நன்றி

நாகமலை புதுக்கோட்டை வேப்பமரத்தடியில் ஞாயிறுதோறும் கூடும் நண்பர்களுக்கும், திருப்பாச்சேத்திப் பட்டறை ஆசாரி ஐயாவுக்கும் வணக்கம்.

கைக்கோடரி முடிந்துவிட்டது. தலை 620 கிராம், வெட்டும் வாய் 9 சென்டிமீட்டர், காம்பு 15 அங்குலம். பூவரசங்கட்டையைப் பிளந்து அகப்பைக்கு உருக்கொடுக்க எனக்கென்று ஒரு கருவி வேண்டும் என்று தொடங்கி எட்டு மாதங்கள் ஆகின்றன. அத்தனை மாதமும் என் வரைபடத் தாள்களையும் அட்டை மாதிரிகளையும் கையில் வாங்கிப் பார்த்துக் கருத்துச் சொன்னவர்கள் நீங்கள். ஒவ்வொருவர் வீட்டுக்கும் தனித்தனியே வந்து சொல்லியிருக்க வேண்டும். எல்லோர் முன்னிலையிலும் சொல்வதுதான் முறை என்று பட்டதால் இந்த மடல்.

"அரிவாளுக்குப் பேர்போன திருப்பாச்சேத்திப் பக்கத்தில் இருந்துகொண்டு கைக்கோடரி எதற்கப்பா?" என்று முதல் நாளே கேட்டவர் கப்பலூரில் லேத் ஓட்டும் அண்ணன். அன்று எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. வீட்டுக்குப் போய் யோசித்தபோதுதான் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை என்று தெரிந்தது. அரிவாளின் வளைந்த மூக்கு கிளையைப் பிடித்து இழுத்து அறுக்கும். கட்டையிலிருந்து சில்லுச் சில்லாகப் பெயர்க்க வேண்டுமானால் எடை முழுவதும் வாய்க்குப் பின்னால் திரண்டு நிற்க வேண்டும், கை தலைக்கு மிக அருகில் வந்து பிடிக்க இடம் வேண்டும். நானோ அதுவரை அழகுக்காக வரைந்துகொண்டிருந்தேன். அலகில் இரண்டு ஓட்டைகள், கீழே கொம்பு போல நீண்ட ஒரு முனை. அன்று இரவே அவற்றை அழித்தேன். அண்ணே, இந்தக் கோடரியின் உருவம் பிறந்தது உங்கள் கேள்வியில்தான்.

ஊமச்சிகுளத்து அக்கா கேட்டது இன்னும் எளிமையான கேள்வி. "வீட்டில் இதை வேறு யார் எடுப்பார்கள்?" செதுக்கும் கோடரி என்பதால் ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் மட்டும் சரிவாகவும் வாய் தீட்ட நினைத்திருந்தேன். வலக்கைக்காரருக்கு அது நன்றாக ஓடும். இடக்கையில் பிடித்தால் தட்டைப் பக்கம் மாறிப்போகும், வாய் சொன்னபடி கேட்காது. என் மகள் இடக்கைப் பழக்கம் உள்ளவள். பெற்ற எனக்குத் தோன்றாதது அக்காவுக்குத் தோன்றியது. இரு பக்கமும் சமமாகச் சரித்து, கூர்க் கோணத்தை மொத்தம் 28 டிகிரியில் நிறுத்தினேன்.

இனி அந்த முதல் கோடரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்களில் பலருக்கு அது விரிசல் விட்ட கதை அரைகுறையாகத்தான் தெரியும்.

பழைய இரும்புக் கடையில் வாங்கிய தடித்த எஃகுத் துண்டு அது. காம்புக்குத் துளையிட்டு, அரத்தால் ராவி ராவி நான்கு வாரத்தில் உருவம் கொண்டுவந்தேன். கொல்லையில் செங்கல் அடுக்கிக் கரி மூட்டி, தலை முழுவதையும் சிவக்கக் காய்ச்சி, தண்ணீர் வாளியில் முக்கினேன். பளபளவென்று தேய்த்து எடுத்து வந்தபோது எல்லோரும் "அருமை" என்றீர்கள். கைத்தொழில் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ஐயா மட்டும் எதுவும் சொல்லவில்லை. சுண்டிப் பார்த்தார். காதருகே வைத்து மறுபடியும் சுண்டினார். பிறகு மண்ணெண்ணெய் கொண்டுவரச் சொல்லி, தலை முழுவதும் தடவி ஊறவிட்டு, துணியால் ஈரமில்லாமல் துடைத்து, மேலே சாக்பீஸ் பூசினார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காம்புத் துளையின் மூலையிலிருந்து வாயை நோக்கி மயிரிழை போலக் கறுப்பாக ஒரு கோடு எழுந்தது. விரிசலுக்குள் புகுந்திருந்த மண்ணெண்ணெய் கசிந்து சுண்ணத்தை நனைத்த கோடு.

"தம்பி, இதை ஓங்கக் கூடாது" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

காரணங்களை அடுத்த வாரம் உட்காரவைத்து விளக்கினார். என்ன எஃகு என்று தெரியாத துண்டில் சிறு பகுதியை அறுத்து முதலில் சோதித்திருக்க வேண்டும். வாயில் இரண்டு விரற்கடை அளவுக்குத் தோய்ச்சல் போதும், துளைப் பகுதியை முக்கவே கூடாது. நான் அரத்தால் கூர்மையாக விட்ட துளை மூலைகளில்தான் இழுவிசை குவியும், அங்கிருந்துதான் விரிசல் புறப்படும். ஐயா, நான் கட்டை செதுக்கும்போது மகள் எதிரே உட்கார்ந்து பார்ப்பது வழக்கம். அந்தத் தலை இரண்டாகத் தெறித்திருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம் உங்கள் சாக்பீஸ்தான் கண்முன் வருகிறது.

மதுரையிலிருந்து மானாமதுரைச் சாலையில் கீழடியையும் திருப்புவனத்தையும் கடந்து திருப்பாச்சேத்திக்குப் போகச் சொன்னவரும் ஆசிரியர் ஐயாவே. பட்டறையில் ஆசாரி ஐயா என் வரைபடத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "உருவம் சரி, செய்முறை மாறணும்" என்றார். மென்மையான பச்சிரும்பை மடித்துக் காம்புத் துளையை உருட்டி, வாய்ப்பகுதியில் லாரி ஸ்பிரிங் பட்டைத் துண்டைச் செருகி, வெங்காரம் தூவி இரண்டையும் ஒன்றாகப் பற்றவைத்தார். உடம்பு அதிர்ச்சியைத் தாங்கும், வாய் கூர்மையைத் தாங்கும். துருத்திச் சக்கரத்தைச் சுற்றும் வேலையை எனக்குக் கொடுத்தார். காந்தம் ஒட்டாத சூடு வந்ததும் வாயை மட்டும் எண்ணெயில் முக்கினார். காந்தம் பிடியை விடுவது ஏறக்குறைய 770 டிகிரி செல்சியஸில் என்று நான் படித்திருக்கிறேன். அவர் காந்தத்தைத் தொட்டதுகூட எனக்குக் காட்டுவதற்காகத்தான். நெருப்பின் நிறமே அவருக்குப் போதும்.

பிறகு வாயைத் தேய்த்து வெளுப்பாக்கி, உடம்புப் பக்கத்திலிருந்து மெல்லச் சூடேற்றினார். வைக்கோல் நிறம் வந்தது, பழுப்பு வந்தது, கத்தரிப்பூ நிறம் வாயை எட்டிய கணத்தில் நிறுத்தினார். முறுகலாக இருந்த எஃகு அங்கேதான் பதமாகிறது. அந்த நிறத்தை நான் மறக்கப்போவதில்லை.

காம்பு செல்லூர்த் தச்சர் அண்ணனின் கொடை. நான் எடுத்துப்போன கருவேலங்கட்டை பச்சை. "சித்திரை வெயிலில் சுருங்கும், தலை ஆடும்" என்று திருப்பி வைத்துவிட்டு, தன்னிடம் இரண்டு வருடம் காய்ந்த துண்டைக் கொடுத்தார். மர ரேகை ஓங்கி அடிக்கும் திசையிலேயே ஓடும்படி அறுத்து, மேலே அகன்ற துளைக்குள் ஆப்பு அடித்து இறுக்கியதும் அவரே. காசு வாங்க மறுத்துவிட்டார்.

அட்டை மாதிரியை ஒத்தக்கடை வேளாண் கல்லூரித் தம்பியிடம் கொடுத்திருக்கிறேன். வேண்டியவர்கள் வாங்கிப் படியெடுத்துக்கொள்ளலாம். வரும் ஞாயிறு கோடரியோடு ஒரு பூவரசங்கட்டையும் கொண்டு வருகிறேன், எல்லோரும் ஓங்கிப் பாருங்கள். குறை தெரிந்தால் முன்போலவே சொல்லுங்கள்.

ஆசிரியர் ஐயாவுக்கு மட்டும் ஒன்று. மகள் இந்தக் கோடரியால் முதல் அகப்பையைச் செதுக்கியிருக்கிறாள். பிடி சற்றுக் கோணலாக இருக்கிறது. உங்களிடம்தான் கொடுக்க வேண்டும் என்கிறாள், வாங்கிக்கொள்ளுங்கள்.