வளைந்த போர்க்கை நிமிர்த்த வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலிப் பக்கமும் கன்டெய்னர் லாரி ஓடிக் குழிந்த பள்ளத்தில் சைக்கிளின் முன்சக்கரம் விழுந்தால், அடி முதலில் போர்க்குக்குத்தான், அதாவது சக்கரத்தை இரு பக்கமும் பிடித்திருக்கும் கவைக்குத்தான். அதைக் குழாய் மாட்டி நெம்பி நிமிர்த்தித் தருவது சில கடைகளில் இன்னும் நடக்கிறது. செய்யவே கூடாத வேலை அது. வளைந்து நிமிர்ந்த இரும்பு, இரு கால்களும் சேரும் கிரவுனை ஒட்டிய இடத்தில் விரிசல் விடும். மேலே பெயின்ட் இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. ஒடிகிற அன்று முகம் தரையில் மோதும். பிளஸ் ஒன் பிள்ளைகள் அரசு தந்த சைக்கிளில் பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு போகிறார்கள் என்பதையும் நினைக்க வேண்டும்.

வளைந்த போர்க்கை மாற்றத்தான் வேண்டும். மாற்றும் முன் பிரேமைப் பாருங்கள். போர்க் நுழையும் ஹேண்டில் குழாய்க்குப் பின்னால், பெடல் பக்கம் இறங்கும் அடிக்குழாயில் பெயின்ட் சுருங்கியோ வெடித்தோ இருந்தால் பிரேமும் போய்விட்டது. புதுப் போர்க் போடுவது வீண்செலவு.

கடைக்குப் பழைய போர்க்கைக் கையோடு கொண்டு போகவேண்டும். '26 இன்ச் போர்க்' என்று வாயால் கேட்டால் போதாது. போர்க்கின் மேல்குழாய் (ஹேண்டில் தண்டு உள்ளே இறங்கும் குழாய்) 1 அங்குலமா, 1⅛ அங்குலமா, அதன் நீளம், அதில் மரை (திருகு வரி) எவ்வளவு தூரம், அச்சு உட்காரும் இடைவெளி, பிரேக் வகை எல்லாம் ஒத்துப்போக வேண்டும். அதிகம் ஏமாற்றுவது கிரவுன் மேல் உட்காரும் வளையம். 1 அங்குலப் போர்க்கிலேயே அதன் இருக்கை 26.4 மி.மீ., 27 மி.மீ. என இரு அளவில் வருகிறது. மாறிப்போனால் வளையம் லொடலொடக்கும், அல்லது இறங்கவே இறங்காது. மேல்குழாய் நீளமாக இருந்தால், உச்சியில் பூட்டும் லாக் நட் குழாய் முனையில் முட்டி நின்றுவிடும், பால்ஸ் (இரும்புக் குண்டுகள்) ஓடும் கப்பை இறுக்காது. வாஷர் போடலாம், குழாயை அறுக்கவும் செய்யலாம். அறுப்பதானால் முதலில் ஒரு நட்டை ஏற்றிவிட்டு அறுத்து, பிறகு அதைக் கழற்றினால் மரை சீராகிவிடும்.

ஹேண்டில் போல்ட்டை முழுதாகக் கழற்றாமல் இரண்டு, மூன்று சுற்று தளர்த்தி, மரக்கட்டை வைத்துத் தட்டினால் உள்ளே பிடித்திருக்கும் ஆப்பு விடும். கீழே துணி விரியுங்கள், பால்ஸ் சிதறும். பழைய பால்ஸோடு புதிதைக் கலக்காதீர்கள். கிரீஸில் வரிசையாக ஒட்டி, வட்டம் நிரம்பியதும் ஒன்றை எடுத்துவிட வேண்டும். வளையத்தை இறக்கச் சுத்தியல் ஆகாது; மேல்குழாயின் வெளியே சரியாக மாட்டும் இன்னொரு பைப்பை வைத்து நேராக அடிக்கவேண்டும்.

இறுக்குவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். முன்பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் 'டக் டக்' வரக்கூடாது; சக்கரத்தைத் தூக்கினால் ஹேண்டில் தானாகச் சாய வேண்டும். ரொம்ப முறுக்கினால் பால்ஸ் கப்பில் குழி பதித்துவிடும். பிறகு ஹேண்டில் நடுவில் வந்து சிக்கும். லாக் நட்டைத் திருகும்போது மேல் கப்பை இன்னொரு ஸ்பேனரில் பிடித்துக்கொள்ளுங்கள். எதுவரை உள்ளே இறங்க வேண்டும் என்று ஹேண்டில் தண்டில் போட்டிருக்கும் கோடு வெளியே தெரியக் கூடாது.

காசிமேடு, திருவொற்றியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் மேல்குழாயின் உட்புறம் கிரீஸ் தடவாமல் பூட்டக் கூடாது. உப்புக்காற்றில் தண்டு உள்ளேயே துருவேறிப் பிடித்துக்கொள்ளும். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டையில் மழைநீரில் ஓடிய வண்டிக்குக் கீழ் கப்பையாவது பிரித்துத் துடைக்க வேண்டும். சக்கரம் வாரியடிக்கும் சேறு அங்குதான் புகும், மட்கார்டு இல்லாத வண்டிகளில் இன்னும் அதிகம்.

கழற்றிய போர்க்கை அப்படியே எடைக்குப் போடாதீர்கள். இரண்டாக அறுத்துப் போடுங்கள். இல்லையென்றால் பெயின்ட் அடித்து வேறொரு சைக்கிளில் ஏறிவிடும்.

இப்படிக்கு,
சைக்கிள் பழுதுபார்ப்போர் சிலர்,
தண்டையார்பேட்டை, சென்னை.