இந்த வசந்தத்துக்கு வில்பீனா போதும்

அடிலெயிட்,
ஓகஸ்ட், ஞாயிறு மாலை

அன்பு மகளுக்கு,

அலிஸ் ஸ்பிரிங்ஸா, ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடரா என்று நேற்றுத் தொலைபேசியில் கேட்டாய். நான் வாயைத் திறக்கும் முன்பே சின்னவள் அதைப் பறித்துக்கொண்டு போய்விட்டாள். நல்லதுதான். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது.

முதலில் கணக்கு. மெல்பேர்ணிலிருந்து அலிஸ் ஏறக்குறைய 2,250 கிலோமீற்றர். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நாளொன்றுக்கு 700க்கு மேல் ஓட்டாதே. பொழுதுபட்டால் கங்காருகள் தெருவுக்கு வந்துவிடும். போகவர ஒரு கிழமை காருக்குள்ளேயே கழிந்துவிடும். இருப்பதோ இரண்டு கிழமை விடுமுறை. ஃபிளிண்டர்ஸில் இருக்கும் வில்பீனா அப்படியல்ல. உங்கள் வீட்டிலிருந்து எங்கள் வீடு 730, இங்கிருந்து அங்கே 430. நடுவில் ஓர் இரவு எங்களோடு. அம்மாவின் கணக்கில் அது இரண்டு இரவு.

அலிஸை நான் குறைத்துச் சொல்லவில்லை. நாங்கள் போனது ஒக்டோபரில். ஓர்மிஸ்டன் பள்ளத்தாக்கின் செம்பாறை கை வைக்க முடியாமல் சுட்டது. சுனைக்குள் கால் வைத்த அம்மா ஐஸ் தண்ணீர் என்று கத்தினாள். பாம் வாலி என்ற பள்ளத்தாக்கில் உள்ள பனைகளைக் கண்டதும் அவள் பேச்சே நின்றுவிட்டது. நம் ஊர்ப் பனைக்குப் பெரியம்மா பிள்ளை போல அதே விசிறி ஓலை. ஏறக்குறைய 1,000 கிலோமீற்றர் வடக்கே இருக்கும் பனைகளுக்கு அவை நெருங்கிய உறவு என்றும், விதையை மனிதர்கள்தான் கொண்டுவந்திருக்க வேண்டும் என்றும் 2012இல் மரபணு ஆய்வு சொன்னது. வடக்கிலிருந்து விதை வந்த கதை அங்குள்ள ஆதிக்குடிகளிடம் அதற்கு முன்பே இருந்தது. ஆனால் அந்தப் பனைகளிடம் போகும் பாதை ஃபிங்க் ஆற்றுப் படுகைக்குள்ளால் போகிறது. நான்கு சக்கரமும் இழுக்கும் வாகனம் வேண்டும். உங்கள் காரால் ஆகாது. ஒக்டோபர் என்றால் 30 பாகையைத் தாண்டும் வெயிலும், மூக்குக்குள் புகும் இலையான்களும் வேறு. அலிஸுக்கு யூன், யூலை மாதங்களே சரி.

ஃபிளிண்டர்ஸுக்கோ இதுதான் பருவம். ஊரில் புரட்டாதிச் சனிக்கு எள்ளெண்ணெய் எரிக்கும் நாள்களில் இங்கே வசந்தம். மாரி மழை சரியாகப் பெய்திருந்தால் ஹோக்கர் ஊரைத் தாண்டியதும் நிலமெல்லாம் ஊதா நிறம். அந்தப் பூவை மற்ற மாநிலங்களில் பற்றர்சனின் சாபம் என்கிறார்கள், தென் அவுஸ்திரேலியாவில் சல்வேஷன் ஜேன் என்கிறார்கள். களை ஒன்றுதான், ஒருவருக்குச் சாபம், மற்றவருக்கு இரட்சிப்பு.

வழியில் கன்யாக்காவில் இறங்கிப் பாருங்கள். 1850களில் தொடங்கிய பெரிய ஆட்டுப் பண்ணை. கற்சுவர்கள் மட்டும் கூரையில்லாமல் நிற்கின்றன. 1865இல் கோய்டர் என்ற நில அளவையாளர் வரைபடத்தில் ஒரு கோடு போட்டு, இதற்கு வடக்கே மழையை நம்பிப் பயிர் செய்யாதீர்கள் என்றார். அடுத்த பத்தாண்டில் நல்ல மழை பெய்தது, சனம் கோட்டைத் தாண்டிப் போய்க் கோதுமை விதைத்தது. 1880களின் வறட்சி எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனது. வானம் பார்த்த வயல் செய்த உன் அப்பப்பா அந்த ஆளைச் சந்தித்திருந்தால் கைகொடுத்திருப்பார்.

பெரியவனுக்கு பிரச்சினா பள்ளத்தாக்கு. 20 கிலோமீற்றர் மண்பாதையில் போகப் போகப் பாறையின் வயது கோடிக்கணக்கில் மாறும். 2004இல் உலகப் புவியியலாளர்கள் எடியகாரன் என்று ஒரு காலத்துக்குப் பெயர் சூட்டினார்கள். அதன் தொடக்கத்தைக் குறிக்கும் தகடு அங்கே ஓர் ஓடைக்கரைப் பாறையில் பதிந்திருக்கிறது. திரும்பும்போது அவன் காற்சட்டைப் பையைச் சோதித்துப் பார். தேசியப் பூங்காவில் கல் பொறுக்கக் கூடாது. மழை பெய்தால் பாதையை மூடிவிடுவார்கள், அன்று பிடிவாதம் வேண்டாம். மருமகன் சென்ட் மேரி சிகரத்தைப் பற்றிக் கேட்டாராம். 1,171 மீற்றர். உச்சிக்கு ஏற வேண்டாம் என்று அந்த மண்ணின் அட்னியமதன்ஹா மக்கள் கேட்டுக்கொள்கிறார்கள். தண்டெறா கணவாயோடு திரும்பச் சொல். காட்சிக்கு அங்கேயே குறைவில்லை.

ஒன்றை மட்டும் எனக்காகச் செய். காய்ந்த ஓடைக்கரையில் றிவர் றெட் கம் மரங்கள் நிற்கும். நாலு பேர் கட்டிப்பிடித்தாலும் அடங்காத அடிமரம், அருமையான நிழல். அதன் கீழே கூடாரம் போடாதே. நீ பல்கலைக்கழகத்தில் இருந்த காலத்தில் நானும் உன் அம்மாவும் போட்டோம். காற்றே இல்லாத இரவு. துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம், பிறகு ஒரு நீண்ட முறிவு. ரோர்ச்சை அடித்துப் பார்த்தால், மாலையில் நாங்கள் தேத்தண்ணீர் குடித்த இரண்டு கதிரைகளும் ஓர் ஆள் தடிப்பான கிளையின் கீழ் நசிந்து கிடந்தன. உங்களிடம் இத்தனை வருடம் சொல்லவில்லை. அம்மாவிடம் கேட்காதே, இன்றும் நடுங்குவாள்.

இரவில் ஐந்தாறு பாகைக்கு இறங்கும். சின்னவளுக்குக் கம்பளித் தொப்பி எடு. அம்மா இடிசம்பல் இடித்துத் தருவாள், பாண் ஹோக்கரில் வாங்கலாம். உங்கள் கூடாரத்தோடு வந்த மெல்லிய முளைகள் அந்த நிலத்தில் வளைந்துவிடும். என்னுடைய இரும்பு முளைகள் பன்னிரண்டு, பெரிய சுத்தியலோடு கராஜில் இருக்கின்றன. நேற்றே எண்ணெய் பூசி வைத்துவிட்டேன்.

அன்புடன்,
அப்பா