எரியும் பாதத்துக்கு அமிட்ரிப்டிலின் களிம்பு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சர்க்கரை நோயாளிகளின் பாத எரிச்சலுக்கு அமிட்ரிப்டிலின் களிம்பு ‘மாத்திரையைப் போலவே’ கேட்கும் என்று தங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்திருந்தது. இதைப் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் மாத்திரையைப் பொடித்து எண்ணெயில் குழைத்துப் பூசுபவர்கள் இருப்பார்கள் என்பதால் எழுதுகிறோம்.

மன அழுத்தத்துக்கான இந்த மருந்தை இரவில் 10 அல்லது 25 மில்லிகிராம் விழுங்கும்போது, மூளையும் தண்டுவடமும் வலியை அடக்கும் பாதைகளுக்கு அது வலுவூட்டுகிறது. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். தோலில் பூசும்போது நடப்பது வேறு. பல் பிடுங்கும் முன் போடும் மரப்பு ஊசியைப் போல, வலிச் செய்தியைக் கிளப்பும் சோடியம் வாயில்களை நரம்பு நுனிகளில் அது அடைக்கிறது. ஓயாமல் தூண்டப்படும் நரம்பில் இந்த அடைப்பு இன்னும் பலமாக விழும். வலி ஆராய்ச்சியாளர்கள் இதன்மேல் நம்பிக்கை வைத்தது அதனால்தான். நலமானவர்களின் தோலில் சுமார் 3 சதவீதக் கரைசலை வைத்துப் பார்த்தபோது குத்தும் வலி மங்கியது உண்மை. தோல் சிவந்ததும் உண்மை.

ஆனால் நோயாளிகளிடம் அந்த நம்பிக்கை பலிக்கவில்லை. 2005இல் வெளியான ஆய்வில் 92 பேருக்கு 2 சதவீத அமிட்ரிப்டிலினும் 1 சதவீத கெட்டமினும் (இது ஒரு மயக்க மருந்து) தனித்தனியாகவும் சேர்த்தும் மூன்று வாரம் தரப்பட்டன. மருந்தே இல்லாத களிம்பைப் பூசியவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவுதான் வலி குறைந்தது. புற்றுநோய் மருந்தால் கைகால் எரிச்சல் வந்த 462 பேரிடம் 4 சதவீத அமிட்ரிப்டிலினுடன் 2 சதவீத கெட்டமின் சேர்த்துச் சோதித்தார்கள். 2014இல் வெளியான அந்த முடிவும் அதேதான். தேய்ப்பதாலும் எதிர்பார்ப்பாலும் வரும் நிம்மதியை மருந்தின் கணக்கில் எழுதக் கூடாது.

வீட்டில் கலப்பதற்கு வருவோம். மாத்திரையில் இருப்பது நீரில் கரையும் உப்பு வடிவம். எண்ணெயில் அது கரையாது, மாவாக அடியில் தங்கும். தோலின் மேலடுக்கும் அதை எளிதில் உள்ளே விடாது. வெடித்த குதிகாலிலோ புண்ணிலோ பட்டால் மட்டும் தேவைக்கு மேல் ரத்தத்தில் ஏறும். 30 கிராம் களிம்பை 2 சதவீதமாக்க 600 மில்லிகிராம் வேண்டும், அதாவது 25 மில்லிகிராம் மாத்திரை 24. அந்தக் கிண்ணத்தைத் தவழும் குழந்தை நக்கினால் உயிருக்கே ஆபத்து.

மருத்துவரே எழுதித் தந்தாலும் முதலில் பாதத்தின் உணர்வைச் சோதிக்கச் சொல்லுங்கள். நோயாளி கண்ணை மூடியிருக்க, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் மோனோஃபிலமென்ட் என்ற நைலான் இழையைப் பெருவிரலின் அடியிலும் முன்பாதத்திலும் வளையும்வரை அழுத்திப் பார்ப்பார்கள். தொட்டது தெரியாவிட்டால் அது ஏற்கெனவே மரத்த கால். அதை மேலும் மரக்கச் செய்தால் முள் குத்தினாலும் வெந்நீர் சுட்டாலும் தெரியாது. உணர்வு இருந்தால், ஒரு பாதத்தில் மருந்துக் களிம்பும் மறு பாதத்தில் மருந்தில்லாத அடிக்களிம்பும் இரண்டு வாரம் பூசி, தினமும் இரவில் 0 முதல் 10 வரை வலியைத் தனித்தனியே எழுதிவைக்கலாம். இரண்டிலும் ஒரேபோல் குறைந்தால் மருந்துக்குக் காசு செலவழிக்க வேண்டாம். பூசியதும் கை கழுவுங்கள். பிளாஸ்டிக் உறையோ இறுக்கமான கட்டோ போடாதீர்கள்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த டாக்ஸெபின் 5 சதவீதக் களிம்பு அரிப்புக்கானது, அதுவும் 8 நாளுக்கு மேல் கூடாது. உடலின் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பூசினால் மாத்திரை போட்டதைப் போலத் தூக்கம் வரும். கண் அழுத்த நோயோ சிறுநீர் அடைப்போ உள்ளவர்களுக்கு அது ஆகாது. அக்கி ஆறிய பின் தொடரும் வலிக்கு, 12 மணி நேரம் ஒட்டி 12 மணி நேரம் எடுத்துவிடும் லிடோகெய்ன் என்ற மரப்பு மருந்தின் 5 சதவீதப் பட்டைக்கு அமிட்ரிப்டிலின் களிம்பைவிட நல்ல ஆதாரம் இருக்கிறது. திருத்தம் வெளியிடும்போது அதையும் சேர்த்துக்கொள்ளக் கோருகிறோம்.

இப்படிக்கு,
நரம்பு வலி சிகிச்சையில் பணிபுரியும் மருத்துவர்கள், மருந்தாளுநர்கள்
மதுரை