முருகேசா, நீ போலீஸ்காரனாகப் பதில் சொல்

கேன்டன், மிச்சிகன்
நவம்பர் 23

அன்புள்ள முருகேசனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் அம்மைக்குப் பதினாறாம் நாள் முடிந்தும் நான் ஒரு போன்கூடப் போடவில்லை என்று நீ கோபமாக இருப்பதாக அந்தோணி சொன்னான். கோபப்படு, உனக்கு அந்த உரிமை இருக்கிறது. அம்மை கையால் சொதி சாப்பிட்டு வளர்ந்தவன் நான். செய்தி வந்த அன்று கடையில் நின்றபடியே அழுதேன். போனை எடுத்தால் உன் குரலைக் கேட்க வேண்டுமே என்று தள்ளிப் போட்டேன், அது அப்படியே மூன்று மாதம் ஓடிவிட்டது. மன்னித்துக்கொள். மதினியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? உன் முழங்காலைப் பற்றிக் கேட்க மாட்டேன். அதைக் காட்டித்தானே வி.ஆர்.எஸ். வாங்கினாய், இப்போது தினமும் தாமிரபரணியில் நீச்சலாம், அதையும் அந்தோணிதான் சொன்னான்.

இந்தக் கடிதம் வேறு ஒரு காரணத்துக்காக. போனில் சொல்லிப் பார்த்தால் பாதியில் நின்றுவிடும், அதனால் எழுதுகிறேன். நீ இருபத்தைந்து வருடம் சாலையில் நின்று வண்டியை மறித்தவன். உன்னிடம்தான் கேட்க வேண்டும்.

நான் துப்பாக்கி வைத்திருப்பது உனக்குத் தெரியும். அன்றைக்கே நீ, "தாத்தாவோட ரெட்டைக்குழலுக்குப் பொறவு நம்ம செட்டுல நீதாம்ல" என்றாய். 2009-இல் ஜி.எம்.மும் கிரைஸ்லரும் திவாலானபோது என் வேலையும் போயிற்று. அப்புறம் இந்தப் பெட்ரோல் பங்க்கில் பங்கு சேர்ந்தேன். இரவில் கல்லாப் பணத்தை எடுத்துக்கொண்டு தனியாக வர வேண்டும். ஒருமுறை வழிப்பறியும் நடந்தது. அதற்குப் பிறகுதான் வகுப்புக்குப் போய், சுட்டுப் பழகி, கவுண்டி கிளார்க்கிடம் மனுக் கொடுத்து சி.பி.எல். வாங்கினேன். மறைத்து வைத்துக்கொள்ள அனுமதிக்கும் லைசென்ஸ் அது. உன் தாத்தா கலெக்டர் ஆபீஸ் வாசலில் நின்ற கதையோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்கும் வேலையும் இங்கே கிடையாது.

இந்த மாதம் 6-ஆம் தேதி, இரவு ஒன்பதரை மணி இருக்கும். பையன் ஓஹாயோ மாநிலத்து டொலீடோவில் காலேஜில் படிக்கிறானே, லீவுக்கு வந்திருந்தான். கடையை மூடிவிட்டு இருவருமாக வீட்டுக்கு வந்துகொண்டிருந்தோம். ஒரு சிறிய ஊரைத் தாண்டும்போது பின்னால் சிவப்பும் நீலமுமாக விளக்கு சுழன்றது. ஓரமாக நிறுத்தினேன். பின்விளக்கு ஒன்று எரியவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

மிச்சிகன் சட்டப்படி, சி.பி.எல். வைத்திருப்பவன் துப்பாக்கியோடு இருக்கும்போது போலீஸ் நிறுத்தினால், கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது. உடனே, தானாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் முதல் முறைக்கே 500 டாலர் அபராதம், ஆறு மாதம் லைசென்ஸ் முடக்கம். வகுப்பில் சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்தேன். உள்விளக்கைப் போட்டேன், கண்ணாடியை இறக்கினேன், இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்தேன். வந்தவர் சின்னப் பையன், இருபத்தைந்து வயதுதான் இருக்கும். "குட் ஈவினிங் ஆபீசர், என்னிடம் சி.பி.எல். இருக்கிறது, இப்போது ஆயுதம் வைத்திருக்கிறேன், நான் என்ன செய்ய வேண்டும்?" என்று ஆங்கிலத்தில், பன்னிரண்டு வருடமாக மனப்பாடம் பண்ணி வைத்திருந்த வரியைச் சொன்னேன். 'கன்' என்ற சொல்லை வாயில் எடுக்காதே என்று எங்கள் வாத்தியார் படித்துப் படித்துச் சொன்னார். கூட வந்த இன்னொரு போலீஸ்காரர் காதில் அந்த ஒரு சொல் மட்டும் விழுந்தால் என்ன ஆகும் என்பார்.

"சரி, எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். "வலது இடுப்பில்" என்றேன். இதுவரை எல்லாம் சரிதான், முருகேசா.

அப்போது பையன் கை நீட்டினான். எனக்கு உதவுகிறானாம். பதினாறு வயதில் அவன் கார் ஓட்டப் பழகியபோது, போலீஸ் நிறுத்தினால் இன்ஷூரன்ஸ் பேப்பர் குளோவ் பாக்ஸில் இருக்கும் என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அதை எடுக்கக் கையைக் கொண்டுபோனான். ஆபீசரின் குரல் மாறியது. அவர் கை இடுப்புக்குப் போவதை என் கடைக்கண்ணில் பார்த்தேன். நான் கத்தினேன்.

"கையை எடுடா!"

தமிழில் கத்தினேன். முப்பது வருடம் இந்த நாட்டில் இருக்கிறேன், கனவுகூடச் சில நாள் ஆங்கிலத்தில் வருகிறது. பயம் வந்தபோது வாயில் வந்தது தமிழ்தான். இடுப்பில் துப்பாக்கி இருக்கிறது என்று இப்போதுதான் சொன்ன ஒருவன், பக்கத்தில் இருப்பவனிடம் புரியாத பாஷையில் ஏதோ உத்தரவு போடுகிறான். அந்த ஆபீசர் பையனுக்கு எப்படி இருந்திருக்கும்? துப்பாக்கியைப் பாதி உருவிவிட்டார். "இங்கிலீஷ்! இங்கிலீஷ்!" என்று கூவினார். நான் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல், கையை எடுக்கத்தான் என் மகனிடம் சொன்னேன், அவன் பேப்பர் எடுக்கப் போனான் என்று ஆங்கிலத்தில் இரண்டு முறை சொன்னேன். என் மகன் இரண்டு கையையும் டேஷ்போர்டில் விரித்து வைத்துக்கொண்டு, அசையாமல், முன்கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தான். அவன் கழுத்து நரம்பு துடித்ததை இப்போதும் கண்ணுக்குள் பார்க்கிறேன்.

மற்றது எல்லாம் விதிப்படி நடந்தது. இன்னொரு வண்டி வரும்வரை காத்திருந்தார்கள். என்னை இறங்கச் சொல்லி, கூரையில் கை வைக்கச் சொல்லி, என் இடுப்பிலிருந்து அவரே எடுத்தார். தோட்டாவை வெளியே தள்ளும்போது அவர் கை நடுங்கி, தோட்டா ரோட்டில் விழுந்து உருண்டது. நானும் பார்த்தேன், நான் பார்த்ததை அவரும் பார்த்தார். சரிபார்த்த பிறகு, துப்பாக்கியைத் தனியாக, மேகசினைத் தனியாக டிக்கியில் வைத்துக் கொடுத்தார். தாங்கள் கிளம்பும்வரை தொட வேண்டாம் என்றார். பின்விளக்குக்கு எச்சரிக்கை மட்டும்தான். போகும்போது, "உங்கள் மகன் கை நீட்டியதுகூடப் பரவாயில்லை, நீங்கள் கத்தியதுதான்..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் போய்விட்டார். அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

வீட்டுக்கு வந்து படுத்தால் தூக்கம் வரவில்லை. எனக்கு நினைவு வந்ததெல்லாம் போலீஸ் சுட்டுக் கொன்ற கறுப்பர் ஃபிலாண்டோ காஸ்டில்தான். 2016 ஜூலை 6, மினசோட்டாவில் ஃபால்கன் ஹைட்ஸ் என்ற இடம். 32 வயது. அவரை நிறுத்தவும் கார் விளக்குதான் காரணம், பிரேக் விளக்கு. ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் மேற்பார்வையாளர். எந்தப் பிள்ளைக்கு எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று நினைவில் வைத்திருப்பாராம். முறையான லைசென்ஸ் வைத்திருந்தார். மினசோட்டாவில் போலீஸ் கேட்டால்தான் சொல்ல வேண்டும், கேட்காமல் சொல்லக் கட்டாயம் இல்லை. ஆனாலும் அவர் தானாகவே, "ஐயா, உங்களிடம் சொல்லியாக வேண்டும், என்னிடம் ஒரு துப்பாக்கி இருக்கிறது" என்று மரியாதையாகச் சொன்னார். "எடுக்காதே" என்றார் போலீஸ்காரர். "எடுக்கவில்லை" என்றார் இவர். பத்து நொடிகூட ஆகவில்லை. ஏழு குண்டுகள். பக்கத்தில் தோழி, பின்சீட்டில் அவளுடைய நாலு வயதுக் குழந்தை. அந்தப் பெண் அடுத்த நிமிடமே போனை எடுத்து ஃபேஸ்புக்கில் நேரலையாகக் காட்டினாள். 2017 ஜூனில் அந்தப் போலீஸ்காரர் குற்றவாளி இல்லை என்று ஜூரி சொல்லிவிட்டது.

இவ்வளவு வருடமாக இதைக் கறுப்பர்களுக்கு நடந்த அநியாயமாக மட்டும் பார்த்து வருத்தப்பட்டேன். அநியாயம்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அன்றைக்குத்தான் இன்னொன்றும் உறைத்தது. அவர் சொன்ன வரியும் நான் சொன்ன வரியும் ஒன்றுதான். சட்டம் என்னைச் சொல்லச் சொல்லும் வரியைத்தான் அவர் சொன்னார்.

எட்டு மணி நேரம் வகுப்பு எடுத்தார்களே, அதில் இந்த வரிக்கு ஐந்து நிமிடம். கை எங்கே, விளக்கு எப்படி, எல்லாம் வந்தது. காரில் இன்னொருத்தர் இருந்தால் அவர் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வார்த்தை இல்லை. சொல்ல வேண்டிய கடமை என் ஒருவனுக்குத்தான், ஆபத்து காரில் இருக்கும் அத்தனை பேருக்கும். அந்த நாலு வயதுக் குழந்தைக்கு யார் என்ன சொல்லிக்கொடுத்திருக்க முடியும்? என் மகனுக்கு நான் சொல்லிக்கொடுத்திருக்கலாம். சொல்லவில்லை. சாந்திக்குச் சொல்லவில்லை, சின்னவளுக்கும் சொல்லவில்லை. போண்டியாக் பராசக்தி கோயிலுக்கு எத்தனை வெள்ளிக்கிழமை இவர்களைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன்! கோயிலுக்குள் கொண்டுபோகக் கூடாது என்று காரிலேயே பூட்டி வைத்துவிட்டுப் போவேன், அந்த விதியெல்லாம் சுத்தமாகத் தெரியும் எனக்கு.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் காரை நிறுத்தி, எல்லோரையும் உட்கார வைத்துப் பழக்கினேன். நான் அந்த வரியைச் சொல்லப் போகிறேன் என்றால், முதலில் உங்களிடம் "சொல்லப் போகிறேன்" என்பேன், உடனே எல்லோர் கையும் முழங்கால் மேல், நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் அசையக் கூடாது, தமிழில் ஒரு சொல் பேசக் கூடாது. சாந்தி முதலில் சிரித்தாள். மூன்றாவது முறை அவள் சிரிக்கவில்லை. சின்னவள், "தும்மல் வந்தால் என்னப்பா பண்ண?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அப்புறம் பர்ஸையும் இடம் மாற்றினேன். இத்தனை நாள் துப்பாக்கியும் வலது பக்கம், பர்ஸும் வலது பக்கம், சீட் பெல்ட்டைக் கழற்றுவதும் அதே பக்கம். லைசென்ஸை எடுக்கக் கை போனாலும் பார்ப்பவனுக்கு எல்லாம் ஒன்றுதானே. இப்போது லைசென்ஸ், இன்ஷூரன்ஸ் எல்லாம் தலைக்கு மேல் வெயில்தடுப்பில், ஒரு கிளிப்பில்.

இனி என் பெரிய கவலைக்கு வருகிறேன். பையனுக்கு ஆகஸ்டில் 21 முடிந்தது. அவனும் சி.பி.எல். வாங்கப் போகிறானாம். வகுப்பும் முடித்துவிட்டான், எனக்குத் தெரியாமல். அன்றைக்கு நடந்ததற்குப் பிறகாவது விடுவான் என்று நினைத்தேன். அவன் வேறு மாதிரி வாதாடுகிறான். "தப்பு உங்கள் சட்டத்தில்தான் அப்பா, ஓஹாயோவில் 2022 ஜூனிலிருந்து போலீஸ் கேட்டால் சொன்னால் போதும், கேட்காவிட்டால் சொல்லவே வேண்டாம், நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால் ஒன்றுமே நடந்திருக்காது" என்கிறான். அங்கே 21 வயதானால் லைசென்ஸே வேண்டாம், மறைத்து வைத்துக்கொள்ளலாம். டொலீடோவிலிருந்து எங்கள் வீடு ஒரு மணி நேரம். நடுவில் மாநில எல்லைக்கு ஒரு போர்டுதான் இருக்கிறது. அந்தப் பக்கம் வாயை மூடிக்கொண்டிருக்கலாம், இந்தப் பக்கம் உடனே திறக்க வேண்டும். ராத்திரி பதினொரு மணிக்கு, கண் எரியும் தூக்கத்தில் வருகிற 21 வயதுப் பையன் எந்தப் பக்கம் இருக்கிறோம் என்று யோசித்துப் பேசுவானா?

ஆனால் அவன் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது என்பதுதான் என்னைத் தின்கிறது. சொல்லாமல் இருந்தால் பாதுகாப்பா, சொன்னால் பாதுகாப்பா? நான் இதுவரை சொல்வதுதான் நேர்மை, அதுதான் பாதுகாப்பு என்று நினைத்தவன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். மறைத்து வைத்திருந்து, குனியும்போது சட்டைக்கடியில் புடைப்பு தெரிந்தால் அது இன்னும் மோசம். ஆனால் இதை அவனிடம் சொல்லும்போது என் குரலில் பலம் இல்லை. அவனும் அதைக் கண்டுபிடித்துவிட்டான்.

இங்கேதான் நீ வேண்டும். கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ராத்திரி வாகனச் சோதனையில் நின்றபோது நடந்ததை எனக்கு ஒருமுறை சொன்னாய், நினைவிருக்கிறதா? டி.வி.எஸ். 50-இல் வந்த ஒருவர், நீ வாயைத் திறக்கும் முன்பே, "ஐயா, சாக்குக்குள்ள அருவா இருக்கு, வாழத்தார் வெட்டப் போறேன்" என்றாரே, அவர் கதை. "அதுவரைக்கும் எனக்கு ஒண்ணுமில்லல, அவரு சொன்ன பொறவுதான் கை நடுங்கிச்சு" என்றாய். நானும் அந்தோணியும் அன்றைக்கு உன்னை எவ்வளவு ஓட்டினோம்! ஒரு வருடம் உனக்கு அருவா என்றே பெயர். இப்போது அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அந்த ரோட்டில் உருண்ட தோட்டாவைப் பார்த்தபோது எனக்கு உன் முகம்தான் தெரிந்தது.

அதனால் மறைக்காமல் சொல். அந்த மனுஷன் என்ன செய்திருந்தால், எந்த வார்த்தையை எப்படிச் சொல்லியிருந்தால் உன் கை நடுங்கியிருக்காது? பின்னால் உட்கார்ந்து ஒருத்தர் வந்திருந்தால் நீ யாரைப் பார்த்திருப்பாய்? அவர் சொல்லாமலே போய், நீயாகச் சாக்கைப் பிரித்து அதைப் பார்த்திருந்தால் என்ன செய்திருப்பாய்? எனக்கு ஆறுதலுக்காக எதையும் சேர்க்காதே. நீ சொன்னால் பையன் கேட்பான். சின்ன வயதிலிருந்து போலீஸ் மாமா என்றால் அவனுக்கு ஒரு தனி மதிப்பு, நீ வாங்கிக்கொடுத்த அந்த விசில் இன்னும் அவன் மேஜையில் இருக்கிறது.

பல்பை மறுநாளே மாற்றிவிட்டேன். துப்பாக்கி இப்போது வீட்டில் பூட்டிய பெட்டியில் இருக்கிறது, கல்லாப் பணத்தைக் கடைப் பங்காளி பகலிலேயே கொண்டுபோகிறார். டிசம்பர் 19 அன்று பையன் கவுண்டி கிளார்க் அலுவலகத்துக்குப் போகிறான், மனுவும் கைரேகையும் கொடுக்க. அதற்கு முன் உன் பதில் வர வேண்டும். போனில் வேண்டாம், எழுதி அனுப்பு. உன் கையெழுத்தைப் படிக்க அவனுக்கு வராது, நான் உட்கார்ந்து படித்துக் காட்டுகிறேன்.

மதினிக்கு என் அன்பு. அம்மை படத்துக்கு என் சார்பில் ஒரு முழம் பூப் போடு.

உன்,
சிவா