நீ ஒன்றும் சொல்லவில்லை

மஞ்சக்குப்பம்,
ஞாயிறு.

அன்புள்ள மகனுக்கு,

போன் செய்தால் இரண்டு நிமிடத்தில் வேலை இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். அம்மாவின் முட்டிவலி அப்படியே இருக்கிறது. பாப்பாவின் வளைகாப்புக்கு நீ வராததைப் பற்றி நான் கேட்கப்போவதில்லை. பண்ருட்டி முந்திரி ஒரு கிலோ அனுப்பியிருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

மேலண்டை வீட்டுப் பையனைக் கஞ்சாவோடு பிடித்துவிட்டார்கள். முதலில் தனக்காக வாங்கியிருக்கிறான். கடன் ஏறியதும், அதை அடைக்கப் பொட்டலம் விற்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு கிலோவுக்குள் இருந்தால் ஓராண்டு வரை சிறையாம். அதற்கு மேல் போனால் பத்தாண்டு வரை. இருபது கிலோவைத் தாண்டினால் பத்தாண்டுக்குக் குறையவே குறையாதாம். அவன் அப்பா என்னைப் பார்த்தால் இப்போதெல்லாம் தெருவின் அந்தப் பக்கமாகப் போகிறார்.

இந்தத் தண்டனைகளைச் சொல்லும் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்திலேயே 64-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பழக்கத்துக்கு ஆளானவன் உபயோகித்ததற்கோ, சிறிய அளவு வைத்திருந்ததற்கோ மாட்டினாலும், தானாக முன்வந்து சிகிச்சையை முடித்தால் தண்டனைக்குக் கொண்டுபோக மாட்டார்கள். போதைப் பழக்கத்தை விட உதவும் 14446 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் பேசலாம். சும்மா தெரிந்துவைத்துக்கொள். நேரத்துக்குத் தூங்கு.

சிதம்பரத்துச் சித்தப்பாவிடம் உன் சம்பளத்தை மூன்று முறை சொல்லிவிட்டேன். அவருக்கே சலித்திருக்கும். அவ்வளவு சம்பாதிக்கிற பிள்ளை கன்னம் ஒட்டிப்போய் ஏன் வந்தான் என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

பொங்கலுக்கு வந்தபோது உன் சட்டையைத் துவைக்க எடுத்த அம்மா, பையிலிருந்த, புகைக்கச் சுருட்டுகிற மெல்லிய காகிதக் கட்டை என்னிடம் கொடுத்து, "பஸ் டிக்கெட்டா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

உன்னைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. காரணம் உனக்கே தெரியும். நீ ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது பாண்டிச்சேரியில் விலை குறைவென்று வாங்கிய இரண்டு பாட்டில்களை உன் பள்ளிக்கூடப் பைக்குள் வைத்து, ஸ்கூட்டரில் முன்னால் உன்னை நிற்கவைத்துச் சோதனைச் சாவடியைத் தாண்டினேன். குழந்தையின் பையை யார் பார்க்கப்போகிறார்கள்? வீட்டு வாசலில் இறங்கியதும், "நான் ஒன்றுமே சொல்லவில்லையே அப்பா" என்றாய். கெட்டிக்காரன் என்று சொல்லி உனக்குச் சாக்லேட் வாங்கித் தந்தேன். அது ஒரு முறையோடு நிற்கவில்லை.

அந்தக் காகிதக் கட்டு என் பீரோவில் இருக்கிறது. அம்மாவுக்குத் தெரியாது. நீ ஒரு வார்த்தை சொன்னால் இரவு பஸ்ஸிலேயே கிளம்பி வருகிறேன். கூட உட்கார்ந்திருக்கத்தான், கேள்வி கேட்க இல்லை.

முந்திரியைக் காற்றுப்புகாத டப்பாவில் போட்டு வை.

அப்பா